கடவுச்சொல்லை யார் தருவது?

2015 பிப்ரவரியில் லெனோவோ லேப்டாப்புகளைப் பற்றி ஒரு விவகாரம் வெடித்தது. வீட்டு உபயோகத்துக்காக விற்கப்பட்ட அந்த லேப்டாப்புகளில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்தது. பாதுகாப்பான இணைப்பில் வரும் பக்கங்களுக்குள்ளும் புகுந்து விளம்பரம் செருகுவது அதன் வேலை. அதற்காக விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் தன் சொந்த மூலச் சான்றிதழைச் சேர்த்துக்கொண்டது. பயனர் எந்தத் தளத்துக்குப் போனாலும், அந்தத் தளத்தின் பெயரில் அந்தக் கணமே ஒரு சான்றிதழைத் தயாரித்து உலாவியிடம் நீட்டியது. லேப்டாப்புக்குள்ளேயே சான்றிதழ் தயாராக வேண்டுமென்றால், அதில் கையொப்பமிடும் தனிச்சாவியும் லேப்டாப்புக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இருந்தது. அதுவும் எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி.

அதைத் தயாரித்தவர்கள் சாவியைத் திறந்து போட்டுவிடவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முறைப்படி கடவுச்சொல் இட்டு, குறியாக்கம் செய்தே வைத்திருந்தார்கள். எர்ராட்டா செக்யூரிட்டியைச் சேர்ந்த ராபர்ட் கிரஹாம் அதை உடைக்க எடுத்துக்கொண்ட நேரம் சுமார் மூன்று மணி. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளின் நினைவகத்தைப் படியெடுத்தார். குறியாக்கம் செய்த சாவி அதில் கிடைத்தது. அகராதிச் சொற்களைப் போட்டுப் பார்த்தார், திறக்கவில்லை. எழுத்து எழுத்தாக முயல்வதற்கு நேரம் போதாது. பிறகு அந்த நினைவகப் படியிலேயே கிடந்த சொற்களை அள்ளி ஒரு பட்டியலாக்கிக் கொடுத்தார். சில வினாடிகளில் விடை வந்தது: 'கொமோடியா'. இணைப்பை இடைமறிக்கும் பகுதியை எழுதிக்கொடுத்த நிறுவனத்தின் பெயரே அது.

2017இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் லெனோவோ மீது சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று, எளிதில் உடைக்கக்கூடிய கடவுச்சொல்லை எல்லா லேப்டாப்பிலும் ஒன்றாக வைத்தது என்பது. எல்லாவற்றிலும் ஒன்றாக வைத்தது தவறு, சரி. ஆனால் 'எளிதில் உடைக்கக்கூடியது' என்ற பாதி என் பார்வையில் குறி தவறிய குற்றச்சாட்டு. அந்தக் கடவுச்சொல் நாற்பது எழுத்து நீளமாக, அகராதியில் இல்லாத குறிகள் கலந்ததாக இருந்திருந்தாலும் கிரஹாமின் வேலை அதிகம் கூடியிருக்காது. மென்பொருள் தானாகவே சாவியைத் திறக்க வேண்டும். ஆகவே கடவுச்சொல் மென்பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும். உள்ளே இருப்பதை, அந்தக் கணினியைக் கையில் வைத்திருப்பவர் எடுத்துவிடலாம். அங்கே கடவுச்சொல்லின் தரம் ஒரு பொருட்டே இல்லை.

தனிச்சாவிக்குக் கடவுச்சொல் போடும் வழக்கத்தின் நிறை, குறை எல்லாம் இந்த ஒரு புள்ளியைச் சுற்றித்தான் நிற்கின்றன. சாவி குறியாக்கப்பட்டிருக்கிறதா என்று தணிக்கைப் படிவங்கள் கேட்கின்றன. நிரல் எழுதுபவரும் கேட்டுக்கொள்கிறார், 'ஆம்' என்று டிக் அடிக்கிறார். கேட்க வேண்டியது வேறு: நள்ளிரவில் மின்சாரம் போய் வந்து கணினி மறுபடி எழும்போது கடவுச்சொல்லை யார் தருவார்கள்? மனிதர் ஒருவர் தருகிறார் என்றால் அது பாதுகாப்பு. கணினியே தனக்குத் தந்துகொள்கிறது என்றால் அது பெரும்பாலும் சடங்கு. பெரும்பாலும் என்கிறேன், முழுக்க என்று சொல்லவில்லை; அந்த இடைவெளியைப் பிறகு பார்ப்போம்.

முதலில் மனிதர் தரும் பக்கம். சர்வர்களுக்குள் நுழைய நிரலாளர்கள் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் சாவிதான் இதற்கு நல்ல உதாரணம். சாவி லேப்டாப்பில் கோப்பாக இருக்கும். கடவுச்சொல் தலைக்குள் இருக்கும். லேப்டாப் ரயிலில் தொலைந்தால், எடுத்தவர் கையில் இருப்பது வெறும் குழம்பிய எழுத்துகள். பழுதுபார்க்கக் கொடுத்த வன்தட்டு, மறந்துபோன பேக்கப், தவறுதலாகக் கிட் களஞ்சியத்தில் ஏறிவிட்ட கோப்பு என்று கோப்பு மட்டும் கைமாறும் எல்லா விபத்துகளிலும் இந்தக் காவல் உண்மையாக நிற்கிறது. காலமும் கிடைக்கிறது. திருடியவர் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போதே பழைய சாவியை ரத்து செய்துவிடலாம்.

எவ்வளவு காலம் கிடைக்கும் என்பது கடவுச்சொல்லை மட்டும் பொறுத்ததல்ல, அதைச் சாவியாக அரைத்தெடுக்கும் முறையையும் பொறுத்தது. இந்த இடத்தில்தான் வழக்கம் வெகுகாலம் சறுக்கியது. ஓபன்எஸ்எஸ்எல் பயன்படுத்திய பழைய பெம் வடிவம் 1990களின் மின்னஞ்சல் பாதுகாப்புத் தரத்திலிருந்து வந்தது. அதில் கடவுச்சொல்லோடு 'உப்பு' எனப்படும் சிறிது தற்போக்குத் தரவைச் சேர்த்து, எம்டி5 என்ற ஹாஷ் முறையில் ஒரே ஒரு சுற்று ஓட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வினாடிக்குப் பல நூறு கோடி எம்டி5 கணக்குகளைப் போடக்கூடியது. மனிதர் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய எட்டு எழுத்துக் கடவுச்சொல் அந்த வேகத்துக்கு முன் எத்தனை நாள் தாங்கும்? கோப்பின் தலைப்பில் 'குறியாக்கப்பட்டது' என்றும் ஏஇஎஸ் என்றும் கம்பீரமாக எழுதியிருக்கும். பலவீனம் ஏஇஎஸ்ஸில் இல்லை, அதற்கு முந்தைய படியில் இருந்தது.

ஓபன்எஸ்எஸ்எச் குழு 2014 ஜனவரியில் வந்த 6.5 பதிப்பில், பிகிரிப்ட் வழியாக மெதுவாக அரைக்கும் புது வடிவத்தைக் கொண்டுவந்தது. ஆனால் ஆர்எஸ்ஏ சாவிகளுக்கு அதை நாமாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்காமலே கிடைக்கும் நிலை 2018 ஆகஸ்டில், 7.8 பதிப்பில்தான் வந்தது. இடைப்பட்ட நாலரை ஆண்டுகளில் வழக்கம்போல் ஆர்எஸ்ஏ சாவி தயாரித்தவர்கள் எல்லாருக்கும் அந்த ஒற்றைச் சுற்று எம்டி5தான். தவறு அவர்களுடையதல்ல, கருவி எதை இயல்பாகத் தருகிறதோ அதையே உலகம் பயன்படுத்தும். பிகேசிஎஸ்8 என்ற இன்னொரு சாவிக் கோப்பு வடிவம் இதைவிட மேல், ஆனாலும் ஓபன்எஸ்எஸ்எல் அதற்கு இயல்பாக வைத்த சுற்று எண்ணிக்கை 2,048. இணையச் செயலிகளில் கடவுச்சொல் சேமிக்க ஓவாஸ்ப் அமைப்பு இப்போது பரிந்துரைப்பது 6,00,000. கோ மொழியைப் பராமரிப்பவர்கள் 2021இல் 1.16 பதிப்பில் பழைய பெம் குறியாக்கச் சார்புகளைக் கைவிடத்தக்கவை என்று அறிவித்தபோது, அந்த வடிவம் வடிவமைப்பிலேயே பாதுகாப்பற்றது என்று வெளிப்படையாக எழுதினார்கள். அதற்குச் சொன்ன காரணம் எம்டி5கூட இல்லை. குறியாக்கப்பட்ட உள்ளடக்கம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க அந்த வடிவத்தில் வழியே இல்லை என்பதுதான் காரணம்.

அந்தச் சரிபார்ப்பு இல்லாததன் எரிச்சலை அன்றாட வேலையிலும் உணரலாம். தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தால் 'தவறு' என்று எப்போதும் தெளிவாகச் சொல்லாது. கடைசி பைட்டுகள் தற்செயலாகப் பொருந்திவிட்டால், சுமார் 256இல் ஒரு முறை, குறியாக்கம் சரியாகவே நீங்கியது என்று நினைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போய், கோப்பின் அமைப்பு கெட்டிருக்கிறது என்று வேறொரு பிழையைச் சொல்லும். சாவியே கெட்டுவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு.

மனிதர் தரும் கடவுச்சொல்லுக்கு இன்னொரு சிக்கல், மனிதர் சலித்துப்போவது. நாளுக்கு முப்பது முறை நீண்ட சொற்றொடரைத் தட்டச்சு செய்ய யாரும் தயாரில்லை. சாவி தயாரிக்கும் கருவியே 'கடவுச்சொல் வேண்டாமென்றால் காலியாக விடுங்கள்' என்கிறது. இரண்டு முறை என்டர் தட்டினால் முடிந்தது. இந்தச் சலிப்புக்கு மருந்தாக வந்ததுதான் எஸ்எஸ்எச் ஏஜென்ட். காலையில் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் திறந்த சாவியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கேட்கும் நிரல்களுக்குச் சாவியைத் தராமல் கையொப்பத்தை மட்டும் தரும். என்னைக் கேட்டால் இந்தத் துறை முழுவதிலும் ஆகச் சிறந்த யோசனை இதுதான். கடவுச்சொல்லைக் கையாளும் பொறுப்பு ஒரே சிறு நிரலிடம் சேர்ந்துவிடுகிறது; மற்ற நிரல்கள் எதுவும் கடவுச்சொல்லையோ சாவியையோ பார்ப்பதில்லை. எத்தனை நேரம் வைத்திருக்கலாம் என்று வரம்பு போடலாம். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் என்னைக் கேள் என்றும் சொல்லலாம். 2019 அக்டோபரில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.1 பதிப்பு, பயன்பாட்டில் இல்லாத சாவியை நினைவகத்துக்குள்ளும் குறியாக்கியே வைக்கத் தொடங்கியது. அதற்கு 16 கிலோபைட் அளவு தற்போக்குத் தரவைப் பயன்படுத்துகிறது. ஸ்பெக்டர் போன்ற தாக்குதல்கள் நினைவகத்தைச் சில பிழைகளோடுதான் கசியவிடும். அத்தனை பெரிய தரவைப் பிழையே இல்லாமல் திரட்டினால்தான் சாவி கிடைக்கும் என்பது அதன் சூட்சுமம்.

ஆனால் ஏஜென்ட் திறந்திருக்கும் நேரத்தில் கடவுச்சொல் காவலில் இல்லை. 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் அமைப்பின் சர்வர்களுக்குள் பழைய ஜென்கின்ஸ் மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்தவர், நிரலாளர்கள் அங்கே உள்நுழைந்தபோது கூடவே முன்னனுப்பப்பட்டிருந்த ஏஜென்ட் இணைப்பைப் பிடித்துக்கொண்டு மற்ற சர்வர்களுக்கும் தாவினார். அந்தச் சாவிகளின் கடவுச்சொற்கள் எவ்வளவு வலுவானவை என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

இனி கணினியே தனக்குத் தந்துகொள்ளும் பக்கம்.

வலை சர்வரின் சான்றிதழ்ச் சாவிக்குக் கடவுச்சொல் இருந்தால், அப்பாச்சி தொடங்கும்போது திரையில் கேட்கும். நிர்வாகி வந்து தட்டச்சு செய்ய வேண்டும். சர்வர் ஒரு அறையில், நிர்வாகி பக்கத்து அறையில் என்றிருந்த காலத்து ஏற்பாடு அது. இன்று சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்றுகூடப் பலருக்குத் தெரியாது. ஒரு நாளில் பலமுறை தானாக இறந்து தானாகப் பிறக்கும் கன்டெய்னர்களும் உண்டு. ஆகவே அப்பாச்சி வேறொரு வழியும் தருகிறது: கடவுச்சொல்லைச் சொல்வதற்கென்று ஒரு தனி நிரலைக் கொடுத்துவிடலாம். இதன் ஆவணத்தில் ஒரு அழகான நம்பிக்கை எழுதப்பட்டிருக்கிறது. அந்த நிரல் முதலில் கணினி ஊடுருவப்பட்டிருக்கிறதா என்று சோதிக்குமாம். எல்லாம் சரி என்றால்தான் கடவுச்சொல்லைச் சொல்லுமாம். நடப்பில் அந்த இடத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் கடவுச்சொல்லை அப்படியே அச்சிடும் இரண்டு வரி ஷெல் நிரல். என்ஜின்எக்ஸ் இத்தனை பாவனை செய்யவில்லை. கடவுச்சொற்களை வரிக்கு ஒன்றாக எழுதிவைக்கும் ஒரு கோப்பின் பெயரைக் கேட்கிறது, 2014இல் வந்த 1.7.3 பதிப்பிலிருந்து.

சாவிக் கோப்பை ரூட் மட்டுமே படிக்கலாம். கடவுச்சொல் கோப்பையும் ரூட் மட்டுமே படிக்கலாம். இரண்டும் ஒரே தட்டில். ரூட் அதிகாரம் பெற்றவருக்கு இரண்டும் கிடைக்கும், பெறாதவருக்கு ஒன்றும் கிடைக்காது. அப்படியென்றால் குறியாக்கம் செய்த வேலை என்ன? லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களைப் பெற்றுத்தரும் செர்ட்பாட் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டது: தனிச்சாவியைக் கடவுச்சொல் இல்லாமல், கோப்பு அனுமதியை மட்டும் இறுக்கி வைக்கிறது, சான்றிதழின் குறுகிய ஆயுளில் பாதுகாப்பைத் தேடுகிறது. கோடிக்கணக்கான தளங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. தணிக்கைக்காரர் முகம் சுளிக்கலாம், ஆனால் இரண்டு வரி ஷெல் நிரலைவிட இது மேலானது. குறைந்தபட்சம் யாரையும் ஏமாற்றவில்லை.

மேலே விட்ட இடைவெளிக்கு இப்போது வரலாம். கணினியே கடவுச்சொல்லைத் தந்துகொண்டாலும், அது சாவிக் கோப்பு போகும் வழியில் போகாதவரை கொஞ்சம் பயன் மிஞ்சுகிறது. சாவி பேக்கப்பில் சேர்கிறது, கடவுச்சொல் சேர்வதில்லை. சாவி கிட்டில் இருக்கிறது, கடவுச்சொல் வேறொரு ரகசியப் பெட்டகச் சேவையிலிருந்து ஓட்டத்தின்போது வருகிறது. இப்படிப் பிரித்துவைத்தால், பெட்டகம் யார் எப்போது கேட்டார்கள் என்று பதிவு செய்யும், வேண்டாதபோது மறுக்கும். ஆனால் பிரிவினை நிலைக்க வேண்டும், அதுதான் கடினம். 2015இல் டி-லிங்க் தன் கேமரா ஒன்றின் மூலநிரல்களைத் திறந்த உரிம விதிப்படி வெளியிட்டபோது, விண்டோஸ் மென்பொருளில் கையொப்பமிடும் தனிச்சாவியும் அந்தப் பொதிக்குள் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. அதற்கான கடவுச்சொல்லும் கூடவே வந்தது. கையொப்பமிடும் வேலையைத் தானியங்கியாக்க இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்தானே வசதி.

கடவுச்சொல்லை நிரலுக்குள் கொண்டுவரும் வழிகளையும் சொல்லியாக வேண்டும், இங்கே கருவிகளே தவறுக்கு வழிகாட்டுகின்றன. ஓபன்எஸ்எஸ்எல் கட்டளையில் கடவுச்சொல்லை நேரடியாகவே எழுதலாம். எழுதினால் அதே கணினியில் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் எவர் கண்ணிலும் படலாம். பாதுகாப்பு முக்கியமில்லாத இடத்தில் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள் என்று ஆவணம் எச்சரிக்கிறது. ஆனால் ஆவணத்தைத் திறப்பவரைவிட எங்கிருந்தோ ஒரு வரியை ஒட்டிக்கொள்பவரே அதிகம். சூழல் மாறியில் வைப்பது அதைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் அந்த நிரல் தொடங்கும் எல்லாக் குழந்தை நிரல்களுக்கும் அது பரம்பரைச் சொத்தாகப் போய்விடும், பிழை அறிக்கைகளில் அச்சாகும். கோப்பு எண் வழியாக அனுப்புவதே இவற்றில் சுத்தமானது. அதைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை.

பைத்தானின் எஸ்எஸ்எல் தொகுதியில் இரண்டு பழக்கங்கள் எனக்கு உறுத்துகின்றன. கடவுச்சொல் தேவைப்பட்டும் கொடுக்கவில்லை என்றால் அது பிழை சொல்லி நிற்காது; ஓபன்எஸ்எஸ்எல் மூலம் திரையில் கேட்கும். திரையே இல்லாத பின்னணிச் சேவை எழும்போது இது என்ன பாடு படுத்தும் என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது இன்னும் மோசம்: கடவுச்சொல் கொடுத்து, சாவி உண்மையில் குறியாக்கப்படாமலே இருந்தால், கடவுச்சொல்லைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடரும். புதுப்பித்தலின்போது யாரோ திறந்த சாவியை வைத்துவிட்டுப் போனால், அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் வரி அது பாட்டுக்கு இருக்கும், சர்வரும் ஓடும், குறியாக்கம் மட்டும் இருக்காது. அதே மொழியின் 'கிரிப்டோகிராஃபி' நூலகம் இந்த நிலையில் 'கடவுச்சொல் தரப்பட்டது, ஆனால் சாவி குறியாக்கப்படவில்லை' என்று பிழை எறிகிறது. நிரலாளர்கள் அதைத் தொல்லை என்று நினைக்கலாம். அந்தத் தொல்லை தேவை.

உள்ளே வந்த கடவுச்சொல்லைப் பயன்படுத்திய பின் நினைவகத்திலிருந்து துடைப்பது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். துடைக்கும் கட்டளை வீண் வேலை என்று கம்பைலர் அதை நீக்கிவிடுவதும், அதைத் தடுக்க ஓபன்பிஎஸ்டி தனிச் சார்பே எழுதியதும், ஜாவா கடவுச்சொல்லை ஸ்ட்ரிங்காக வாங்காமல் எழுத்து வரிசையாக வாங்குவதும் நல்ல கைவினை. ஆனால் கடவுச்சொல்லை ஆயிரம் முறை துடைத்தாலும், அதால் திறந்த சாவி சர்வர் ஓடும்வரை நினைவகத்தில் கிடக்கும். 2014 ஏப்ரலில், சர்வரின் நினைவகத்தைக் கசியவிடும் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, சாவியையும் எடுக்க முடியுமா என்று சோதிக்க கிளவுட்ஃபிளேர் ஒரு சர்வரைப் போட்டியாகத் திறந்துவைத்தது. ஒரே நாளுக்குள் சாவியை எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

நம் ஊரில் இதே கேள்வி யூஎஸ்பி டோக்கனாக வந்து நிற்கிறது. ஜிஎஸ்டி, கம்பெனி விவகார அமைச்சகப் படிவங்களுக்கு இயக்குநர்கள் வாங்கும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழில் தனிச்சாவி டோக்கனுக்குள் இருக்கும், வெளியே வராது. தவறான கடவுச்சொல்லைச் சில முறை தொடர்ந்து கொடுத்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். பொறியியல் பக்கம் நல்ல ஏற்பாடு. தனிச்சாவி தன் கட்டுப்பாட்டில் இருப்பதற்கு உரிய கவனம் எடுப்பது சந்தாதாரரின் கடமை என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42ஆவது பிரிவில் சொல்கிறது. ஆனால் டோக்கன்கள் வழக்கமாக வாழும் இடம் ஆடிட்டர் அலுவலக மேசை இழுப்பறை. ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயர் எழுதிய ஸ்டிக்கர், சிலவற்றில் அதன்கீழே கடவுச்சொல். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. கடைசித் தேதி இரவு பதினோரு மணிக்கு இயக்குநரைத் தேட முடியாது. சர்வர் நிர்வாகி ஷெல் நிரல் எழுதியதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: வேலை நடக்கும் நேரத்தில் கடவுச்சொல்லுக்கு உரியவர் அங்கே இல்லை.

மென்பொருளுக்குக் கையொப்பமிடும் சாவிகள் விஷயத்தில் துறையே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது. 2023 ஜூன் 1 முதல், சான்றிதழ் நிறுவனங்களும் உலாவித் தயாரிப்பாளர்களும் சேர்ந்த மன்றத்தின் விதிப்படி, புதிதாக வழங்கப்படும் கையொப்பச் சான்றிதழ்களின் சாவிகள் தகுதி பெற்ற வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும். சாவியும் சான்றிதழும் சேர்ந்த, கடவுச்சொல் போட்ட பிஎஃப்எக்ஸ் கோப்பை மின்னஞ்சலில் வாங்கி, கடவுச்சொல்லையும் அதே மின்னஞ்சலில் வாங்கிய காலம் அதோடு முடிந்தது. விதி சரியானதே. சாவி களவு போவது கடினமாகிவிட்டது. ஆனால் தானியங்கி பில்டு சர்வர்கள் டோக்கனுக்கும் கடவுச்சொல் தர வேண்டுமே! டோக்கன் மென்பொருள் திறக்கும் சிறு சாளரத்தில் கடவுச்சொல்லைத் தானாகத் தட்டச்சு செய்ய நிரல் எழுதியவர்கள் இருக்கிறார்கள். சூழல் மாறி திரும்பி வந்துவிட்டது. சாவியைத் திருட முடியாது, கையொப்பத்தை வாங்கிக்கொள்ளலாம். 2020 டிசம்பரில் அம்பலமான சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் நஞ்சு கலந்த கோப்பு அந்நிறுவனத்தின் உண்மையான சான்றிதழால் கையொப்பமிடப்பட்டே வாடிக்கையாளர்களிடம் போனது. ஊடுருவியவர்கள் கையொப்பத்துக்கு முந்தைய படியிலேயே, பில்டு நடக்கும் இடத்தில், தங்கள் நிரலைச் செருகியிருந்தார்கள்.

சிக்ஸ்டோர் என்ற திட்டம் இப்போது வேறு திசையில் போய்ப் பார்க்கிறது. 2021இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கிய இதில், கையொப்பமிடும் கணத்தில் ஒரு சாவி பிறக்கிறது, அதற்குப் பத்து நிமிட ஆயுளுள்ள சான்றிதழ் கிடைக்கிறது, வேலை முடிந்ததும் சாவி எறியப்படுகிறது, நடந்தது பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. சேமிக்க எதுவும் இல்லை, ஆகவே கடவுச்சொல்லும் இல்லை. யார் கையொப்பமிட்டார் என்பதற்குச் சான்று, அவர் கூகுளிலோ கிட்ஹப்பிலோ உள்நுழைந்திருக்கிறார் என்பது. அந்தக் கணக்கை எதைக் கொண்டு காப்பது என்ற கேள்வி அங்கே மிஞ்சுகிறது.